நாய், பூனையோடு வருகிறவர்களுக்கும் இடம் வைப்பது எப்படி

நான் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். என் வீட்டில் கருப்பன் என்று ஒரு வயதான நாயும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன. அதே வீட்டில்தான் என் மாமியாரும் இருக்கிறார், அவருக்கு நாய் என்றாலே குலை நடுங்கும். இத்தனைக்கும் நடுவில் இருந்து பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. எல்லாரும் பிராணிகளை நேசிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஒரு காரியமும் நடக்காது. யார் எங்கே நிற்பது, எதை யார் துடைப்பது, பயப்படுகிறவர் எந்த வழியாகப் போவது என்று முன்கூட்டியே பேசி வைத்துவிட்டால், பிராணிகளைப் பிடிக்காதவர்களும் ஒத்துழைக்கிறார்கள். வீட்டிலும் சரி, குடியிருப்பிலும் சரி, நான் செய்துபார்த்து நிலைத்த ஏற்பாடுகளை இங்கே எழுதுகிறேன்.

விருந்தாளி நாயோடு வந்தால்

"கூட்டிட்டு வாங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்வது அன்பாகத் தெரியும். ஆனால் வருகிறவருக்கு அது பதற்றம்தான். அவர் வாசலில் நின்றுகொண்டே எதை எங்கே வைப்பது என்று தவிப்பார். அதனால் தொலைபேசியிலேயே நாலு கேள்வி கேட்டுவிடுங்கள்: மற்ற நாய், பூனைகளோடு எப்படி இருக்கும்? குழந்தைகளோடு? தனியாக ஒரு அறையில் இருக்குமா, கத்துமா? எத்தனை மணிக்கு ஒருமுறை வெளியே போக வேண்டும்? இவ்வளவு கேட்டாலே வருகிறவர் பாதி நிம்மதியாகிவிடுவார்.

அடுத்து வீட்டை ஒரு நாயின் உயரத்தில் குனிந்து பாருங்கள். தரையில், தாழ்ந்த மேசையில், திறந்த குப்பைக்கூடையில் என்ன இருக்கிறது? சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமின் நாய்களுக்கு நஞ்சு. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். சர்க்கரை இல்லாத சூயிங்கம், சில பற்பசைகளில் இருக்கும் ஸைலிடால் என்ற இனிப்பு நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டுக்குமே ரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. சமைத்தாலும் அந்தத் தன்மை போகாது.

பூனை வருவதாக இருந்தால் பட்டியல் இன்னும் கடுமை. லில்லிப் பூ எந்த ஜாடியிலும் இருக்கக் கூடாது. இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர்கூட பூனையின் சிறுநீரகத்தைக் கொல்லும். மேலே விழுந்த மகரந்தத்தை அது நக்கிச் சுத்தம் செய்துகொண்டாலே போதும். நமக்குத் தலைவலிக்குப் போடும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையின் உயிரை எடுத்துவிடலாம். நாயின் உண்ணிக்காக முதுகில் விடும் பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு நஞ்சு. நாயும் பூனையும் ஒன்றாகத் தங்கும் வீட்டில் இதை இரண்டு முறை சொல்ல வேண்டும்.

பிறகு ஒரு மூலையை ஒதுக்குங்கள். ஆட்கள் அதிகம் நடக்காத இடம், ஒரு பழைய விரிப்பு, வழுக்காத கிண்ணத்தில் தண்ணீர். விரிப்பை அவர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொன்னால் இன்னும் நல்லது, பழகிய வாசனை இருக்கும். அந்த மூலையில் படுத்திருக்கும் நாயை யாரும் தொடுவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். குழந்தைகளுக்கு நான் சொல்வது: தூங்கும்போதும் சாப்பிடும்போதும் அதன் பக்கம் போகக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது, அதாக வந்தால் மட்டும் தடவலாம்.

உங்கள் வீட்டிலும் நாய் இருந்தால், இரண்டையும் வாசற்படியில் அறிமுகப்படுத்தாதீர்கள். வாசல் உங்கள் நாய் காவல் காக்கும் இடம். தெருவிலோ திறந்த வெளியிலோ, இடைவெளி விட்டு இரண்டையும் ஒரே திசையில் கொஞ்ச தூரம் நடத்துங்கள். முகத்துக்கு முகம் நிறுத்துவதைவிடப் பக்கவாட்டில் நடப்பது இரண்டுக்கும் இயல்பு. அதன்பின் ஒன்றாக உள்ளே வரட்டும். தட்டுகளையும் பொம்மைகளையும் அதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். பூனைக்கு இது எதுவும் பொருந்தாது. கதவு மூடக்கூடிய ஓர் அறை, ஏறி உட்கார உயரமான ஓர் இடம், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி போதும். அது வெளியே வரவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். வராமல் இருக்கவும் அதற்கு உரிமை உண்டு.

நாயை வரவேற்கும் விதத்தில்தான் அன்பானவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். குனிந்து, கண்ணைப் பார்த்து, தலைமேல் கையைக் கொண்டுபோவது நமக்குக் கொஞ்சல், நாய்க்கு மிரட்டல். கொஞ்சம் திரும்பி நின்று, அது வந்து முகர்ந்த பிறகு, மார்பிலோ தோளிலோ சிறிது நேரம் தடவிவிட்டுக் கையை எடுங்கள். இன்னும் வேண்டுமென்றால் அது நெருங்கி வரும். தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விடுவது, உணவில்லாமல் உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, உடம்பு விறைப்பது எல்லாம் "போதும்" என்று அது சொல்லும் விதம். உறுமினால் திட்டாதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கிவைத்த நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கக்கூடும்.

சிறுநீர் போய்விட்டால் பதறாமல் முதலில் ஒற்றி எடுங்கள். அப்புறம் என்சைம் உள்ள துப்புரவுத் திரவத்தை ஊற்றி, அதன் உறையில் எழுதியிருக்கும் நேரம்வரை ஊற விடுங்கள். வாசனைத் திரவியம் தெளித்தால் நம் மூக்குக்குத்தான் மறையும், நாய் அதே இடத்துக்குத் திரும்பி வரும். அம்மோனியா கலந்த திரவங்கள் சிறுநீர் வாசனையையே நினைவூட்டும், அவை வேண்டாம். ஃபீனால் வகைக் கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சு. தரையில் போட்டது காலில் ஒட்டி, நக்கும்போது வயிற்றுக்குள் போகும்.

ஒவ்வாமை உள்ளவரும் அதே நாளில் வருகிறார் என்றால் அவருக்கும் நாம்தான் வீட்டுக்காரர். பலரும் முடிதான் காரணம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள புரதங்கள்தான் காரணம். பூனையைப் பொறுத்தவரை அதில் முக்கியமானதற்கு ஃபெல் டி 1 என்று பெயர். அது மிக நுண்ணிய துகள்களில் ஒட்டிக் காற்றில் மிதக்கும், பூனையை வேறு வீட்டுக்கு அனுப்பிய பிறகும் பல மாதம் மெத்தையிலும் திரைச்சீலையிலும் தங்கும். ஒவ்வாமையே தராத இனம் என்று விற்கப்படுவதை நம்பி யாரையும் அழைக்காதீர்கள், அப்படி ஓர் இனம் நிரூபிக்கப்படவில்லை. எங்கள் வீட்டில் ஒரு படுக்கையறைக்குள் பிராணிகளை விடுவதே இல்லை. ஒவ்வாமை உள்ள உறவினர் வந்தால் அந்த அறைதான் அவருக்கு. துடைப்பம் தூசியைக் கிளப்பும் என்பதால் ஈரத்துணியால் துடைப்போம்.

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு

"பிராணிகளுக்கு அனுமதி இல்லை" என்று எழுதுவது எளிது. அப்படி எழுதினால் பிராணி இல்லாத குடித்தனம் வரும் என்பது நிச்சயமில்லை. மறைத்து வளர்க்கிறவர் வரலாம். மறைத்து வளர்க்கும்போது தடுப்பூசிச் சீட்டைக் காட்டமாட்டார், குழாய் உடைந்தாலும் ஆளைக் கூப்பிடமாட்டார், பால்கனிக்கு வலையும் போடமாட்டார். வெளிப்படையாக வளர்க்கிறவரோடு பேசி ஒப்பந்தம் போடுவதே வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து. பிரான்சில் 1970ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குடியிருப்பு ஒப்பந்தத்தில் பிராணிகளை மொத்தமாகத் தடுக்கும் விதியைச் செல்லாது என்கிறது. பிராணி ஏற்படுத்தும் சேதத்துக்கும் தொந்தரவுக்கும் வளர்ப்பவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

குடிவர விரும்புகிறவரிடம் கேட்க வேண்டியவை: பிராணியின் வயது, எடை, தடுப்பூசிச் சீட்டு, கருத்தடை ஆனதா, பார்க்கும் கால்நடை மருத்துவர் யார், முன்பு இருந்த வீட்டுக்காரர் என்ன சொல்கிறார். பிறகு பிராணியை நேரில் பாருங்கள். இனத்தின் பெயரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், எடையை வைத்தும் வேண்டாம். நாள் முழுக்கத் தனியாக விடப்படும் சின்ன நாயின் குரைப்பு, ஒழுங்காக நடைக்குப் போய்வரும் பெரிய நாயைவிட அக்கம்பக்கத்தை அதிகம் படுத்தும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியதைத் தெளிவாக எழுதுங்கள். எத்தனை பிராணி, சேதமானால் யார் செலவு, காலி செய்யும்போது என்னென்ன சுத்தம் செய்து கொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் தடுப்பூசிச் சீட்டின் நகல். உள்ளே நுழைந்த நாளிலேயே தரை, கதவு, சுவரின் படங்களை எடுத்து இருவரும் வைத்துக்கொண்டால் பின்னால் சண்டைக்கு இடமே இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. கம்பளத் தரையைவிட ஓடு பதித்த தரை, கழுவக்கூடிய சுவர்ப் பூச்சு, இறுக்கமாக மூடும் குப்பைக்கூடை. ஆனால் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: மாடி வீடென்றால் ஜன்னலுக்கும் பால்கனிக்கும் உறுதியான வலை. பூனை எப்படி விழுந்தாலும் நாலு காலில் நின்றுகொள்ளும் என்ற நம்பிக்கை பல பூனைகளைக் கொன்றிருக்கிறது. நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் ஓர் ஆய்வு வெளியானது. சிகிச்சை பெற்றவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன என்பதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். நெஞ்சில் அடி, உடைந்த தாடை, முறிந்த கால்களோடு வந்தன என்பதையும், விழுந்த இடத்திலேயே இறந்தவை மருத்துவமனைக் கணக்குக்கே வராது என்பதையும் யாரும் சொல்வதில்லை. அவை வேண்டுமென்றே குதிப்பதில்லை, பறவையைப் பார்த்துத் தாவியோ தூக்கத்தில் நழுவியோ விழுகின்றன. கொசுவலை போதாது, நகத்தில் கிழியும்.

குடியிருப்பில்

விதி எழுத உட்கார்ந்தால் முதலில் தோன்றுவது தடைகள்தான்: லிஃப்டில் நாய் கூடாது, தோட்டத்தில் கூடாது, இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது. நாங்கள் ஒவ்வொரு வரியிலும் "நாய்" என்ற எழுவாயை எடுத்துவிட்டு "வளர்ப்பவர்" என்று மாற்றிப் பார்த்தோம். வளர்ப்பவர் கயிற்றை இரண்டு மீட்டருக்குள் பிடித்திருக்க வேண்டும். வளர்ப்பவர் உடனே அள்ள வேண்டும். வளர்ப்பவர் லிஃப்டில் ஏறும்முன் உள்ளே இருப்பவரைக் கேட்க வேண்டும். இப்படி எழுதியபின் கூட்டத்தில் கத்தல் குறைந்தது. எந்த மனிதர் என்ன செய்ய வேண்டும் என்பதில் ஒத்துப்போவது, நாய் நல்லதா கெட்டதா என்று முடிவு செய்வதைவிடச் சுலபம்.

லிஃப்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பாதிச் சண்டை அங்கேதான். கதவு திறந்ததும் நாய் எதிரே நிற்பது பயந்தவருக்குக் கொடுமை. அதனால் காத்திருக்கும்போது கதவிலிருந்து நாலடி தள்ளி, ஓரமாக, நாயை உட்கார வைத்து நிற்க வேண்டும். உள்ளே போனதும் மூலையில், நாய்க்கும் மற்றவருக்கும் நடுவில் வளர்ப்பவர். நீளும் சுருள் கயிறு லிஃப்டில் வேண்டவே வேண்டாம். நாய் வெளியேயும் வளர்ப்பவர் உள்ளேயுமாகக் கதவு மூடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். "கடிக்காதுங்க, சும்மா வாங்க" என்று சொல்வதையும் நிறுத்தச் சொன்னோம். "நீங்க போங்கம்மா, நாங்க அடுத்ததுல வர்றோம்" என்பதே போதும்.

என் மாமியாருக்கும் கருப்பனுக்கும் வீட்டில் இதே முறைதான். கூடத்துக்கும் அவருடைய அறைக்கும் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு தடுப்புக் கதவு. கருப்பன் கழுத்தில் சிறு மணி, அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவர் கூடத்துக்கு வரும் நேரம் கருப்பன் தடுப்புக்கு அந்தப் பக்கம். "பழகினால் சரியாயிடும் அத்தை" என்று யாரும் அவரை வற்புறுத்துவதில்லை. அவருடைய பயத்தைப் போக்குவது என் வேலையும் இல்லை. பயந்தாலும் அவர் தன் வீட்டில் நிம்மதியாக நடமாடுவதற்கு வழி செய்வதே என் வேலை. குடியிருப்பிலும் இப்படியே, காலையில் குறிப்பிட்ட ஒரு மணி நேரம் தோட்டத்தின் ஒரு பாதையில் நாய்கள் வராது. நடைக்குப் போகும் பெரியவர்கள் அந்த நேரத்தை நம்பி வருகிறார்கள்.

மலத்தை அள்ளுவது பற்றி எவ்வளவு கெஞ்சினாலும் பயனில்லை, காரணத்தைச் சொன்னால் பயனுண்டு. நாயின் மலம் உரமாகும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் உருளைப்புழுவின் முட்டைகள் இருக்கலாம். புதிதாகப் போன மலத்தில் அவை தொற்றும் நிலையில் இருப்பதில்லை, மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்த பின்தான் தொற்றுகின்றன. அதன்பின் ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு இருக்கும். குழந்தைகள் விளையாடும் மண் அது. உடனே அள்ளினால் ஆபத்து அங்கேயே முடிகிறது. இந்த ஒரு தகவலை அறிவிப்புப் பலகையில் போட்டோம், மூடியுள்ள குப்பைத்தொட்டியையும் பைகளையும் நாய்கள் வழக்கமாக நிற்கும் இடத்துக்கே கொண்டுபோய் வைத்தோம். குழந்தைகளின் மணல் குழிக்கு மூடி போட்டோம், பூனைகள் அதைத் தங்கள் மணல் தட்டாக நினைத்துக்கொள்ளும். வீட்டுக்குள் மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனை மலத்தில் ஒரு நாளாவது கிடந்த பின்தான் தொற்றும் நிலைக்கு வரும். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்யாமல் இருப்பது நல்லது.

குரைப்புப் புகார் வந்தால் வாட்ஸப் குழுவில் பேச விடாதீர்கள். நேராக அந்த வீட்டுக்குப் போங்கள். பல சமயம் வளர்ப்பவருக்கே தெரியாது, அவர் கிளம்பிய பிறகுதானே குரைக்கிறது. எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று பக்கத்து வீட்டில் குறித்துக் கொடுத்தால் காரணம் பிடிபடும். படிக்கட்டில் ஆள் நடமாட்டத்தைப் பார்த்துக் குரைத்தால் ஜன்னலின் கீழ்ப்பகுதியை மறைத்தாலே குறையும். தனிமையில் தவித்துக் குரைத்தால் நடுப்பகலில் யாராவது வந்து கூட்டிப்போக ஏற்பாடு வேண்டும், கால்நடை மருத்துவரையும் கேட்க வேண்டும். அடித்து நிறுத்தச் சொல்லும் ஆலோசனையை யாரும் கொடுக்க வேண்டாம்.

ஓடி விளையாட வேலி போட்ட இடம் அமைக்க வசதி இருந்தால், இரண்டு கதவு வையுங்கள், நடுவில் ஒரு சிறு இடைவெளியோடு. முதல் கதவை மூடிய பிறகே இரண்டாவதைத் திறக்கலாம், அப்போது எந்த நாயும் தப்பி ஓடாது. சின்ன நாய்களுக்குத் தனிப் பகுதி, நிழல், தண்ணீர். வாகன நிறுத்தத்தில் ஓர் அறிவிப்பு வையுங்கள். வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியதாக 2005இல் வெளியான ஓர் ஆய்வு அளந்தது, அதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே. கண்ணாடியைச் சற்றே இறக்கிவைத்ததால் பெரிய மாற்றமில்லை.

கடி பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள், மறைத்தால் பயம்தான் வளரும். எங்கள் பலகையில் நிரந்தரமாக இருக்கும் வரிகள்: எந்த நாய் அல்லது பூனை கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவவும், உடனே மருத்துவரிடம் போகவும். வளர்ப்புப் பிராணிதானே, ஊசி போட்டதுதானே என்று வீட்டிலேயே முடிவு செய்யக் கூடாது. ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது, அதற்கு முன் உடனே சிகிச்சை எடுத்தால் தடுத்துவிட முடியும். ஒவ்வொரு பிராணியின் தடுப்பூசித் தேதியும் சங்கப் பதிவேட்டில் உண்டு, யார் கேட்டாலும் காட்டுவோம். நாயை வெறுப்பவர்கள்கூட அந்தப் பதிவேட்டைப் பார்த்த பிறகு குரலைத் தாழ்த்திப் பேசியிருக்கிறார்கள்.

சாவிப் பட்டியல்

வளர்ப்பவர் வீட்டில் இல்லாதபோது அவருடைய பிராணியை யார் பார்த்துக்கொள்வது, வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதி வைப்பதுதான் சாவிப் பட்டியல். இதைத்தான் எல்லாக் குடியிருப்புகளிலும் பார்க்க ஆசைப்படுகிறேன். 2005இல் கத்ரீனா புயல் வந்தபோது, பிராணிகளை விட்டுவிட்டு வர மனமில்லாமல் வெள்ளத்தில் வீட்டிலேயே தங்கியவர்கள் பலர். அடுத்த ஆண்டே அமெரிக்கா, பேரிடர்த் திட்டங்களில் பிராணிகளோடு இருப்பவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. அவ்வளவு பெரிய பேரிடர் வேண்டாம், ஒரு சாதாரண அறுவைசிகிச்சையே போதும். எங்கள் கட்டடத்தில் தனியாக இருக்கும் ஒரு பெரியவர், பூனையைப் பார்க்க ஆளில்லை என்று சிகிச்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. பட்டியல் போட்ட பிறகு எதிர்வீட்டுக்காரர் பூனையைப் பார்த்துக்கொள்ள, அவர் மருத்துவமனைக்குப் போய்வந்தார்.

ஒரு தாள்தான். பிராணியின் பெயர், படம், தோலுக்கடியில் அடையாளச் சில்லு (மைக்ரோசிப்) இருந்தால் அதன் 15 இலக்க எண். என்ன, எவ்வளவு, எப்போது சாப்பிடும். மருந்து ஏதாவது உண்டா. பயந்தால் எங்கே ஒளியும் (தீ எச்சரிக்கை மணி அடித்தால் முதலில் தேவைப்படுவது இந்தத் தகவல்தான், பெரும்பாலான பூனைகள் கட்டிலுக்கடியில்). கூண்டுப்பெட்டி எங்கே இருக்கிறது; அது பரணில் இல்லாமல் கதவருகில் இருக்க வேண்டும். கால்நடை மருத்துவரின் எண். சாவி வைத்திருக்கும் இரண்டு வீடுகள். ஒன்று போதாது, அவர்களும் ஊருக்குப் போவார்கள். சாவி வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது வந்து கையால் உணவு கொடுத்துப் பழகியிருக்க வேண்டும், முன்பின் தெரியாத ஆள் திடீரென்று வந்து பெட்டிக்குள் போடப் பார்த்தால் எந்தப் பூனையும் அகப்படாது. தாளின் ஒரு நகல் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், இன்னொன்று சங்க அலுவலகத்தில். தடுப்பூசி போட்டுவிட்டு வரும் நாளிலேயே தாளையும் திருத்திவிடச் சொல்லுங்கள், அப்போதுதான் மறக்காது.